அம்மா ஊட்டிய மாத்திரை

எங்கள் தையல் கடையில் அம்மா வெட்டுவாள், நான் தைப்பேன். மிஷின் ஓடும்போது இரண்டு கையும் துணியில் இருக்கும். அதனால் மாத்திரை நேரம் வந்தால் பக்கத்தில் வந்து, "வாயைத் தொற" என்பாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே திறப்பேன். பெற்றவள் ஊட்டுவதை யாராவது சோதித்துப் பார்ப்பார்களா?

அப்பா வழியில் வந்த மரபணுக் கோளாறு எனக்கும் தங்கைக்கும் இருந்தது. அதனால் வரும் மார்பகப் புற்றுநோய் எனக்கு மட்டும் வந்தது. ஒரு மார்பை எடுத்து, கீமோவும் முடித்து, தலையில் முடி எட்டிப் பார்த்தபோது டாக்டர் இந்த மாத்திரையைக் கொடுத்தார். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கென்றே வந்த மருந்து, நோய் திரும்பாமல் தடுக்கும், ஒரு வருஷத்துக்குக் காலையும் மாலையும் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் மாதம் குடலைப் பிடுங்கும் வாந்தி. அப்புறம் சட்டென்று நின்றது. உடம்பு பழகிவிட்டது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அதே சமயம் தங்கை சாப்பாட்டைக் கண்டாலே ஓடினாள், முகம் வெளுத்தது. நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டில், பெண் முழுகாமல் இருக்கிறாளோ என்று காதைக் கடித்துக்கொண்டார்கள். நான்கூடத் தனியாக அழைத்துக் கேட்டேன். அழுதாள்.

ஒருநாள் மயங்கி விழுந்தவளை என் டாக்டரிடமே தூக்கிப் போனோம். உடம்பில் ரத்தம் பாதிகூட இல்லை.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார் டாக்டர்.

"அம்மா குடுக்கிற சத்து மாத்திரைதான்" என்றாள் தங்கை.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பையிலிருந்து என் மாத்திரை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அப்போ நான் இத்தனை நாளா முழுங்குனது?" என்றேன்.

"அவளோட சத்து மாத்திரை. உனக்குத்தான் அறுத்து எடுத்தாச்சேடி. இவ இன்னும் வாழவே ஆரம்பிக்கல. வராம இருக்கட்டும்னுதான் குடுத்தேன்."

"இது நோய் வந்து சிகிச்சை முடிஞ்சவங்களுக்கும்மா" என்று டாக்டர் கத்தினார். "நோயே வராத பொண்ணுக்கு யாரு குடுக்கச் சொன்னா? ரெண்டு பேர் உசுரோடயும் விளையாடிட்டீங்க."

"இவளுக்கு ஒண்ணும் ஆகாம இருந்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பியா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"சொல்லியிருக்க மாட்டேன்." என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

மாத்திரையை நிறுத்தியதும் தங்கை தேறினாள். எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நோய் முதுகெலும்புக்கு வந்திருந்தது. இனிமேல் குணப்படுத்த முடியாது, கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம் என்றார் டாக்டர். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ சின்னவளுக்கு எந்த மருந்து குடுக்கணும்?"