மாசாணியம்மாளின் சீட்டு

கிணத்துக்கடவு தாண்டி அரை மைல்கூட வந்திருக்க மாட்டார்கள், வண்டி மறுபடியும் நின்றுபோனது. சாவியைத் திருகித் திருகிப் பார்த்த சென்னகிருஷ்ணன், ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். பின்னால் பலகையின் மேல் கோடித்துணி போர்த்திக் கிடந்த அவன் அண்ணன் காளிச்சாமி மட்டும் எதையும் கண்டுகொள்ளவில்லை. உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் குதித்து இறங்கி முன்மூடியைத் திறந்திருப்பார். வண்டி அவருடையது.

அவர் தலைமாட்டுச் சீட்டில் உட்கார்ந்து, முகத்தில் மொய்க்கும் ஈயை முந்தானையால் ஓட்டிக்கொண்டு வந்தாள் மாசாணியம்மாள். வண்டி நின்றதும் அவள் கையும் நின்றது. கட்டிய புருசன் விடிகாலையில் பெரியாஸ்பத்திரியில் கண்ணை மூடியதிலிருந்து அவள் அழுத அழுகைக்குக் கணக்கில்லை. ஆனால் இப்போது அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அடுத்து என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் தடவை ஒத்தக்கால்மண்டபத்தில் நின்றபோது பழி சனிக்கிழமையின் மேல் விழுந்தது. சனிக்கிழமை செத்தவரைத் தனியாக அனுப்பக் கூடாது, கூடவே ஒரு கோழி போக வேண்டும் என்பது வழக்கம். "கோழியில்லாமக் கெளம்புனா வண்டி எப்படிரா நகரும்?" என்று காளிச்சாமியின் அக்கா நாச்சியம்மாள் சத்தம் போட, சென்னகிருஷ்ணன் ஓடிப்போய் ஒரு சிவப்புச் சேவலைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதற்குள் முன்சீட்டில் வந்த ரசாக், கருகிப்போன பியூஸைக் கழற்றி வேறு பியூஸ் மாட்டியிருந்தான். கோயமுத்தூர் உக்கடத்தில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன், காளிச்சாமியின் நெடுநாள் சிநேகிதன். வண்டி கிளம்பியது. பேர் என்னவோ சேவலுக்குத்தான் போனது.

இப்போது சேவல், வண்டித் தரையில் உட்கார்ந்திருந்த நாச்சியம்மாளின் மடியில் கால் கட்டுண்டு பத்திரமாக இருக்கிறது. அப்புறம் பழியை வேறு யார் தலையில் போடுவது?

"மாசாணி, நாஞ் சொல்றேன்னு சங்கடப்படாத கண்ணு" என்றாள் நாச்சியம்மாள். "நீ எறங்கிப் பஸ்ஸுல வந்துரு. பொழுது எறங்கறதுக்குள்ள எம்பட தம்பிய ஊட்டுக்குக் கொண்டு போயி, மண்ணுல வெக்கோணும். உனக்கும் இந்த வண்டிக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியுமல்லோ."

நாச்சியம்மாளைப் பொல்லாதவள் என்று சொல்லிவிட முடியாது. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். உடுமலைக்குப் பக்கத்தில் அவர்கள் தெருவில் அத்தனை பேரும் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் தவிப்பு அவளுக்கு. ஆனாலும் பேச்சென்றால் அதற்கு ஒரு நேரங்காலம் கிடையாதா என்ன?

ஆகாது என்ற பேர் சும்மா வந்துவிடவில்லை. சந்தைக்குத் தேங்காயும் தக்காளியும் ஏற்றிப் போகிற பழைய பெட்ரோல் வேன் அது. காளிச்சாமியின் அப்பன் காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் வேலை செய்தவர். அந்தத் தெருவுக்குள் வந்த முதல் வண்டியே இதுதான். வாங்கிய கையோடு காளிச்சாமி, பின்பக்கம் ஜன்னலோரமாக ஒரே ஒரு சீட்டைத் தானே போல்ட் போட்டு முறுக்கினார். "இது உனக்கு" என்றார். அவளுக்கு வண்டி ஏறினாலே குமட்டும் என்று பக்கத்துக் கம்பியில் ஒரு குட்டி பேனும் வைத்துக் கொடுத்தார். ஒரு வருசம் மகாராணி மாதிரி போய் வந்தாள். பிறகுதான் ஆரம்பித்தது. தேங்காய் ஏற்றிப் போனால் நிற்காத வண்டி, இவள் ஏறினால் நிற்கும். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன அன்று மூன்று இடத்தில் நின்றது. நாச்சியம்மாள் இவளை இறக்கி விட்டாள். அதற்கப்புறம் வண்டி கோயில் வாசல் வரைக்கும் நிற்காமல் ஓடியது. அந்த அம்மனின் பேரையே வைத்துக்கொண்டிருப்பவள் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தாள். அன்றோடு அவள் அந்தச் சீட்டில் உட்காருவதை விட்டாள். அவளுடைய சீட்டு என்று மற்றவர்களும் அதில் உட்காருவதில்லை.

புதன்கிழமை அவருக்கு நெஞ்சுவலி வந்தபோதுகூட, சென்னகிருஷ்ணன் இந்த வண்டியில்தான் அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் போனான். "ஏறு புள்ளே" என்று அவர் கையை நீட்டினார். நடுவழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று பயந்து இவள் ஏறவில்லை, பஸ்ஸில் போனாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்த அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "போறப்ப நம்ம வண்டியிலயே போலாம். நீயும் ஏறி வரோணும்" என்றார். பிழைத்து வீட்டுக்குப் போகிற நினைப்பில் சொன்னது. அவர் அவளிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

"நான் எறங்க மாட்டேனுங்க அக்கா" என்றாள் மாசாணியம்மாள். நாத்தனாரை அவள் எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை.

"ஏனுங்க அண்ணி..." என்று சென்னகிருஷ்ணன் இழுத்தான். அவனுக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. "பாய், பேசாம கருகுன பியூஸு மேல சிகரெட்டு டப்பா சில்வர் பேப்பரச் சுத்திப்போட்டு ஓட்டிரலாமுங்களா?"

"ஓடுமுங்க. வயரும் எரியும்" என்றான் ரசாக். "பெட்ரோல் வண்டிங்க. உள்ளார காளியண்ணன் இருக்காரு. பியூஸும் கையில ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். எல்லாரும் செத்த நேரம் எறங்கி நில்லுங்க, பாத்துப்போடறேன்."

"எறங்குனா மறுபடி ஏத்திக்குவீங்களா தம்பி?"

ரசாக் மாசாணியம்மாளை நிமிர்ந்து பார்த்தான். "ஏத்தறதுக்குத்தானுங்க்கா பாக்கறேன்."

மூவரும் புளியமரத்தடியில் நின்றார்கள். ரசாக் தன் பையிலிருந்து, இரண்டு வயர் முளைத்த ஒரு பல்பை எடுத்து, பியூஸ் இருந்த இடத்தில் மாட்டினான். சாவியைத் திருப்பினான். பல்பு மங்கலாகக் கசிந்தது. "எங்கியாச்சும் வயரு இரும்பத் தொட்டா இது பளிச்சுனு எரியுமுங்க" என்று சென்னகிருஷ்ணனிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வயராக ஆட்டிப் பார்த்தான். முன்விளக்கு, ஹாரன், டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கொத்து, ஒன்றையும் விடவில்லை. மூடியை அறைந்து சாத்தினான். வண்டியைத் தோள் கொடுத்துக் குலுக்கினான். பல்பு அழுமூஞ்சி போல அப்படியே மங்கிக் கிடந்தது.

பொள்ளாச்சிப் பஸ் ஒன்று இவர்களைத் தாண்டிப் போனது. நாச்சியம்மாள் அதையும் மாசாணியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்பவும் இதே கூத்துங்க" என்று ரசாக் வேர்வையைத் துடைத்தான். "பட்டறைக்கு வந்தா சமத்தா நின்னுக்கும். எத்தனை தடவ பிரிச்சு மேஞ்சிருப்போம், ஒரு தடவயாச்சும் காட்டிக் குடுத்ததில்ல." சொல்லிக்கொண்டே வந்தவன் பேச்சை நிறுத்தினான். வண்டியைப் பார்த்தான், மாசாணியம்மாளைப் பார்த்தான். "ஏனுங்க்கா, பட்டறைக்கு நீங்க ஒருக்காவாச்சும் வந்திருக்கீங்களா?"

"பட்டறையில பொம்பளைக்கு என்ன வேலைங்க?"

"செத்த ஏறி உங்க சீட்டுல உக்காருங்க."

அவள் கம்பியைப் பிடித்தாள். ஏறினாள். புருசனின் தலையைத் தாண்டிப் போய் மெதுவாக உட்கார்ந்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

மரத்தடியில் நாச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சென்னகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். மாசாணியம்மாள் அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். ஊர் சொன்னது நிசம்தான் போலிருக்கிறது, சாமி சாட்சியாக எரிகிறதே என்று நினைத்தாள். அவள் பாட்டுக்கு எழுந்து இறங்கப் பார்த்தாள். பல்பு மங்கிவிட்டது.

"இருங்க, இருங்க. மறுபடி உக்காருங்க."

எரிந்தது.

"எந்திரிங்க."

மங்கியது. ரசாக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிணம் கிடக்கிற வண்டி என்று நினைவு வந்து வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு மரத்தடியைப் பார்த்து, "நாச்சியம்மாக்கா, நீங்களும் செத்த வந்து உக்காருங்க" என்றான்.

"நானா? நான் எதுக்கு?"

"சும்மா வாங்க."

நாச்சியம்மாள் சேவலை இடுக்கிக்கொண்டு ஏறி, அந்தச் சீட்டில் பட்டும் படாமல் குந்தினாள். "நல்லா உக்காருங்க்கா" என்றான் ரசாக். உட்கார்ந்தாள். பல்பு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது, நாச்சியம்மாள் கொஞ்சம் கனத்த உடம்புக்காரி.

"பாத்துக்குங்க. யாரு உக்காந்தாலும் எரியும்" என்றான்.

நாச்சியம்மாள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. பல்பைப் பார்த்தபடி, சேவலின் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தாள்.

அவள் எழுந்து இறங்கியதும் ரசாக் சீட்டின் அடியில் குனிந்து ரப்பர் விரிப்பைக் கிழித்தான். சீட்டின் இரும்புக் காலுக்கு அடியில் ஒரு சிவப்பு வயர் நசுங்கி, தோல் உரிந்து, செம்பு பளபளத்தது. இதுவரை குழியில் குலுங்கினால்தான் தொட்டிருக்கும்; கடைசிக் குலுக்கலில் தோல் முழுசாகப் போய்விட்டதால், இப்போது ஆள் உட்கார்ந்தாலே கால் அழுத்தும், எழுந்தால் விட்டுவிடும். வயர் போன வழியே விரலால் தடவிக்கொண்டு போனான். அது கம்பி மேல் ஏறி அந்தக் குட்டி பேனில் போய் முடிந்தது.

"இது நான் இழுத்த வயரில்லீங்க்கா. பேனுக்குக் கரண்டு மேலாக்க, கூரை வழியா வருதுன்னு நெனச்சுட்டிருந்தேன். அண்ணனே இழுத்து, அது மேலயே சீட்டயும் வெச்சு முறுக்கிப்போட்டாரு."

மாசாணியம்மாள் அந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றான் ரசாக், டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடி. "நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன், லோடு ஏத்துனா வண்டி நல்லாத்தான ஓடுது, உட்டுத் தள்ளுங்கண்ணான்னு. கேக்க மாட்டாரு. 'எம்பட வயரிங்கிலதான் கோளாறு, அவகிட்ட இல்ல. அவ ஏறோணும் ரசாக்கு'ம்பாரு. அதுக்காகத்தானுங்க அத்தனை தடவ வந்தாரு. வண்டிக்காக இல்ல."

அவர் ஒரு நாளும் அவளிடம் இதைச் சொன்னதில்லை. கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வருவார், சோப்புக் கேட்பார். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் வண்டி வேலை என்பார். இத்தனை வருசமும் தன்னை ஒருத்தர் நம்பியிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. மாசாணியம்மாள் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். திரும்பி ரசாக்கையும் கும்பிட்டாள். "நீ நல்லா இருக்கோணும் தம்பி. புள்ளகுட்டியோட நல்லா இருக்கோணும்" என்றபோது அடக்கி வைத்த அழுகை வந்துவிட்டது. ரசாக் டேப் சுற்றும் வேலையில் இருப்பவன் போலக் குனிந்துகொண்டான்.

"இந்தப் பேன் வயரையே வெட்டி உட்டறட்டுங்களா? ஒரு தொந்தரவும் இருக்காது."

"வெட்ட வேண்டாந் தம்பி" என்றாள் அவசரமாக.

அவன் வயரைச் சீட்டின் காலுக்கு அப்பால் நகர்த்தி, மேலே ஒரு ரப்பர்த் துண்டை வைத்துக் கட்டினான். கடைசி பியூஸை மாட்டினான். மாசாணியம்மாள் தன் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. சென்னகிருஷ்ணன் வேண்டுமென்றே ஒரு குழியில் இறக்கி ஏற்றினான். வண்டி நிற்கவில்லை.

பொள்ளாச்சி தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே வண்டி போய்க்கொண்டிருந்தது. பொழுது இறங்க இன்னும் நேரம் இருந்தது. மாசாணியம்மாளுக்கு ஈ ஓட்டி ஓட்டிக் கை ஓய்ந்துபோயிருந்தது. நாச்சியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கை வலிக்குதல்லோ. அதப் போட்டு உடு கண்ணு" என்றாள், பேனைக் கண்ணால் காட்டி.

மாசாணியம்மாள் ஸ்விட்சைத் தட்டினாள். வருசக்கணக்கில் சுற்றாத பேன் முதலில் முனகியது. தூசியைத் துப்பியது. பிறகு சுற்றத் தொடங்கியது. தன் பக்கம் பார்த்திருந்த அதன் கழுத்தைப் பிடித்து, அவள் மெல்லக் கீழே அவர் முகத்துக்குத் திருப்பினாள். ஈக்கள் எழுந்து போயின. காளிச்சாமியின் முன்நெற்றி முடி, ஒட்டியிருந்த காசுக்கு மேலே, இலேசாக அசைந்துகொண்டே வந்தது.