தேர்வுக்கு முன்னால் வந்த பட்டமளிப்பு

சமுதாயக் கல்லூரிக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்று முதல்வருக்குத் தோன்றியபோது, கல்லூரி ஆரம்பித்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை நோக்கமே இல்லாமல் தையலும் கணக்கியலும் ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பும் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். படித்தவர்களுக்கு வேலையும் கிடைத்து வந்தது. அதெல்லாம் எப்படி நடந்தது என்று முதல்வருக்கே ஆச்சரியம்.

புதிய கையேடு அச்சடிப்பது, அதில் நோக்கம், வரலாறு, கல்வி நாட்காட்டி மூன்றையும் போடுவது என்று முடிவானது. வேலையைக் கணக்கியல் டீச்சரின் தலையில் கட்டினார் முதல்வர். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்று காரணமும் சொன்னார். கையேட்டைக் கம்ப்யூட்டரில்தான் அடிக்கப்போகிறார்கள் என்று டீச்சர் ஞாபகப்படுத்தவில்லை. அவர் இன்னும் தற்காலிகப் பணியில்தான் இருந்தார்.

நோக்கத்துக்கு ஒரு குழு போட்டார்கள். 'ஆற்றல்படுத்துதல்' என்று ஒரு கட்சி, 'வலுவூட்டுதல்' என்று ஒரு கட்சி. வாரக்கணக்கில் பிஸ்கட் தீர்ந்தது. கடைசியில் யார் மனமும் நோகாமல் இரண்டையும் சேர்த்து, "ஆற்றல்படுத்தி வலுவூட்டி, அதன் வழியே மேலும் ஆற்றல்படுத்துதல்" என்று எழுதினார்கள். "யாரை?" என்று நூலகர் கேட்ட பிறகுதான் 'மாணவர்களை' என்ற சொல் உள்ளே வந்தது.

வரலாறு அதைவிடச் சிக்கல். கல்லூரிக் கட்டடம் ஒரு காலத்தில் மெத்தைக் கிடங்கு. கூரை ஒழுகியதால் வாடகைக்கு ஆள் கிடைக்காமல், மெத்தை வியாபாரி அதைக் கல்விக்குத் தானம் செய்து பெரிய மனிதர் ஆகிவிட்டார்.

"மெத்தைங்கற வார்த்தை மட்டும் வரக்கூடாதும்மா" என்றார் முதல்வர்.

டீச்சர் யோசித்து, "மக்களின் ஓய்வுக்காக உழைத்த இந்த இடம், இன்று அவர்களின் விழிப்புக்காக உழைக்கிறது" என்று எழுதிக் கொடுத்தார். முதல்வர் இரண்டு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது.

நாட்காட்டி என்று வந்தபோது குழுவில் இருந்த எல்லோரும் வீட்டுக்குக் கிளம்ப எழுந்து சட்டையை நீவிக்கொண்டார்கள். அது வெறும் தேதிதானே! முதலில் தேர்வு, பிறகு முடிவு, அதன் பிறகு பட்டமளிப்பு விழா என்று டீச்சரே ஒழுங்காகப் போட்டு வைத்தார். அச்சுக்குப் போகும் நேரத்தில் முதல்வர் ஒரு தொழிலதிபரைச் சிறப்பு விருந்தினராகப் பிடித்துவிட்டார். அவர் வெளிநாடு போவதற்குள் விழா நடக்க வேண்டுமாம். முதல்வர் பேனாவை எடுத்துப் பட்டமளிப்பைத் தூக்கி முன்னால் போட்டார்.

"சார், பரீட்சை அதுக்கப்புறம்தானே வருது?"

"அதையெல்லாம் யாரும்மா பாக்கப்போறாங்க? கையேட்டைத் திறந்ததும் நோக்கத்தைத்தான் படிப்பாங்க."

நோக்கத்தை ஒருத்தரும் படிக்கவில்லை. நாட்காட்டியை எல்லோரும் படித்தார்கள். அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் பஸ் ஓட்டுபவர், ஆஸ்பத்திரி ஆயா, கடையில் நின்றே கால் வீங்கியவர்கள். ஒரு நாள் விடுப்புக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே முதலாளியின் முகம் பார்த்து நிற்க வேண்டியவர்கள்.

அவர்களில் ஒருவர் டீச்சரின் நாத்தனார், கணவருக்கு மூத்தவர். அப்பா போன பிறகு படிப்பை விட்டுவிட்டுத் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். பெண்ணைக் கட்டிக்கொடுத்த கையோடு ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் வகுப்பில் சேர்ந்துவிட்டார். வீட்டில் டீச்சரை "ஏம்மா, அந்தத் தட்டை எடு" என்பவர், கல்லூரியில் "வணக்கம் டீச்சர்" என்று எழுந்து நிற்பார். டீச்சருக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாது.

"ஃபிரிட்ஜைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியும். நடுவுல என்னக்கா படிக்கற?" என்று தம்பி கிண்டல் செய்வார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. விழாத் தேதியைச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டு, புதுப் புடவையும் எடுத்து வைத்தார்.

விழா நெருங்கியபோது, மாணவர்கள் 'ஃபிரிட்ஜ் சார்' என்று அழைக்கும் ஆசிரியர் அலுவலகத்துக்குள் வந்தார். "பரீட்சையே வெக்கல, அதுக்குள்ள எதுக்கு சார் பட்டம் கொடுக்கறோம்?"

முதல்வர் நாட்காட்டியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "யார் போட்ட தேதி இது?" என்று டீச்சர் பக்கம் திரும்பினார்.

"தேதி என்னோடதுதான் சார். மாத்துன பேனா உங்களோடது" என்றார் டீச்சர். 

"சரி, விழாவைத் தள்ளி வெச்சிருவோம்" என்று முதல்வர் பேச்சை மாற்றினார். செய்தி வெளியே கசிந்ததும் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பஸ் ஓட்டுநர் முன்னால் வந்தார்.

"சார், இந்த ஒரு நாளுக்கு நான் யார் யார் கால்ல விழுந்தேன்னு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை லீவ் கேட்டா மொத்தமா லீவ் குடுத்துருவாங்க."

அன்று மாலையே தொழிலதிபர் வர முடியாது என்று அவருடைய உதவியாளர் போனில் சொல்லிவிட்டார். ஆக, யாருக்காகத் தேதி மாறியதோ அவர் வரவில்லை. மற்ற எல்லோரும் வரப்போகிறார்கள்.

"வரட்டும் சார். அன்னிக்கே மேடையில பரீட்சையை வெச்சிரலாம். இந்தத் தடவை பட்டம் வாங்கறது ஃபிரிட்ஜ் வகுப்பு மட்டும்தானே? எழுத்துத் தேர்வு இல்லையே, செய்முறைதானே?" என்றார் டீச்சர். ஃபிரிட்ஜ் சாருக்கு முகம் மலர்ந்தது. முதல்வர் கையைப் பிசைந்தார். வேறு வழி எதுவும் தோன்றாததால் சம்மதித்தார்.

விழா நாளன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல்வர் நோக்கத்தை வாசித்தார். 'வலுவூட்டி' என்ற இடத்தில் மூச்சு வாங்க நின்றார். முடிந்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் கைதட்டிவிட்டார்கள். மறுபடி ஆரம்பிக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

பிறகு மேடையில் ஓடாத ஃபிரிட்ஜ்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒவ்வொருவராக வந்து, கொடுத்த நேரத்துக்குள் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பஸ் ஓட்டுநரின் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டு கிளம்பியபோது, அவருடைய குடும்பமே நாற்காலி மேல் ஏறி நின்றது.

நாத்தனாரின் முறை வந்தது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தார். தலை நிமிரவே இல்லை.

"பிளக்கு மாட்டியிருக்கான்னு பாருக்கா!" என்று தம்பி கத்தினார்.

"பார்வையாளர்கள் விடை சொல்லக்கூடாது!" என்றார் ஃபிரிட்ஜ் சார்.

அக்கா குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். சுவிட்சைப் போட்டார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி போட்டார். மறுபடி 'டிக்'. கோளாறு மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலேயில் இருந்தது. அதைத் தேட நேரம் இல்லை. நெற்றி வியர்வையைப் புதுப் புடவையின் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

முதல்வர் அவசரமாக எழுந்து வந்து கிசுகிசுத்தார். "பரவாயில்லம்மா, குடும்பமே வந்திருக்கு. ஒரு சான்றிதழைக் கையில குடுத்துர்றேன். யாருக்குத் தெரியப்போகுது?"

மைக் அணைக்கப்படவில்லை. அரங்கம் முழுவதும் கேட்டது.

"வேண்டாம் சார். அது ஓடலியே" என்றார் நாத்தனார். அதுவும் கேட்டது. கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டுக் கீழே இறங்கினார்.

வீடு திரும்பும் வழியில் தம்பி ஒரு கிண்டலும் செய்யவில்லை. அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. "ஏதாவது பேசித் தொலைடா" என்றார். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல்வர் அடுத்த கையேட்டின் வரலாற்றுப் பகுதியில், "பொதுமக்கள் முன்னிலையில் வெளிப்படையாகத் தேர்வு நடத்தும் துணிச்சலான மரபைத் தொடங்கிய கல்லூரி" என்று சேர்க்கச் சொன்னார். மரபுக்குத் தந்தை தாம்தான் என்பதைப் பணிவோடு ஒப்புக்கொண்டார். டீச்சர் அப்படியே சேர்த்தார்.

மறுதேர்வு ஒரு சாதாரணப் பிற்பகலில் பட்டறை அறையில் நடந்தது. ஃபிரிட்ஜ் சாரும் டீச்சரும் மட்டும் இருந்தார்கள். நாத்தனார் இந்த முறை அவசரப்படவில்லை. ஒவ்வொரு பாகமாக மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி ஓட ஆரம்பித்தது. அதன் கதவில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"அண்ணி, அவருக்கு போன் பண்ணிச் சொல்லட்டுமா?" என்றார் டீச்சர்.

"நீ வாயைத் திறக்காத. நானே சொல்லிக்கறேன்."

அன்று மாலை தம்பி சாப்பிட உட்கார்ந்தபோது, தண்ணீர் டம்ளரை அவர் முன்னால் வைத்துக்கொண்டே, "பாஸாயிட்டேன்" என்றார் அக்கா, ஏதோ குழாயில் தண்ணீர் வருகிறது என்று சொல்வதைப்போல.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் தம்பி. அவருக்கு எதுவும் தெரியாது. மறுதேர்வு என்று ஒன்று நடந்ததுகூடத் தெரியாது. கையைக் கழுவிக்கொண்டு, அக்கா போன் போட்டுச் சொல்லியிருந்த அதே சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் தானே போன் போட உட்கார்ந்தார்.