டீச்சர் தங்கும் வீடு

வெர்மான்ட் மலைக்குள் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரே ஓர் அறைப் பள்ளிக்கூடம். அதற்கு ஒரு டீச்சர். பிள்ளைக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் வீடு வீடாகப் போய்த் தங்கிச் சாப்பிடுவது அந்த டீச்சரின் தலையெழுத்து. பதின்மூன்று வீட்டுப் படுக்கைக் குளிரும் பதின்மூன்று வீட்டுப் பன்றி உப்புக்கண்டமும் மிஸ் எலெக்டாவுக்கு அத்துப்படி.

ருஹாமா பெட்டிங்கில்லுக்குப் பள்ளிக்குப் போகிற மகள் ஒருத்திதான். ஆகவே பருவத்துக்கு ஒரே வாரம். அந்த ஏழு நாளில் மற்றப் பன்னிரண்டு வீட்டுச் சங்கதியையும் கறந்துவிடுவாள். பாவம், கேட்டதற்குப் பதில் சொல்லியே பழகியவள் எலெக்டா. ஊரில் எதையும் முதலில் அறிந்தவள் என்ற பெயர்தான் ருஹாமாவுக்கு உயிர். ஏழு நாள் அதற்குப் போதவில்லை.

1853 மார்ச்சில் பள்ளிச் சீர்திருத்தக்காரர் ஒருவர் வந்து தேவாலயத்தில் பேசினார். வீடு வீடாக அலைகிற டீச்சர் எப்போது பாடம் தயாரிப்பார், ஒரே வீட்டில் ஒரு மேசையும் விளக்கும் கொடுங்கள் என்றார். ஆண்கள் கொட்டாவி விட்டார்கள். ருஹாமாவுக்கு மட்டும் கல்விமேல் திடீரென்று காதல் பொங்கியது.

"அடுத்த வாரம் ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சு, டீச்சர் இனிமே நம்ம வீட்டுலதான்னு சொல்லுங்க."

"பருவம் முழுக்கவா? நமக்கு எதுக்குடி அந்தத் தொல்லை?" என்றார் கணவர் ஆசகேல்.

"எல்லாம் பிள்ளைங்க படிப்புக்குத்தான்."

கூட்டத்தில் பெண்களுக்கு ஓட்டில்லை. ஆசகேலுக்கு வீட்டில் பேச்சில்லை. எழுந்து சொன்னார். தொல்லை விட்டது என்று பன்னிரண்டு வீட்டுக்காரரும் கை தூக்கினார்கள்.

எலெக்டா பெட்டியோடு வந்து இறங்கினாள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே ருஹாமா ஆரம்பித்தாள்.

"அப்புறம் டீச்சரம்மா, பெக்வித் வீட்டுல என்ன விசேஷம்?"

"தெரியலையேம்மா. நான்தான் இப்ப அங்க போறதே இல்லையே."

ஸ்டோ வீடு? தெரியாது. டீக்கன் வீடு? தெரியாது. கிணற்றை வீட்டுக்குள் கொண்டுவந்த ருஹாமா ஊற்றை வெளியே விட்டுவிட்டாள். பெக்வித் வீட்டு மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதை, ஊரெல்லாம் பேசி முடித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையிலிருந்து பாதிரியார் சொல்லித்தான் அறிந்தாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். புது முறைப்படி கணக்கைப் புத்தகத்திலிருந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது, பிள்ளைகள் அறிந்த வாழ்க்கையிலிருந்து எடுக்க வேண்டும் என்று எலெக்டா பயிற்சிப் பள்ளியில் படித்திருந்தாள். முன்பு பதின்மூன்று வீட்டிலிருந்து எடுத்தாள். இப்போது அவள் கண்ணில் படுவது ஒரே வீடு.

அக்டோபரில் ஒருநாள் தேவாலய வாசலில் ஹல்தா பெக்வித் வழிமறித்தாள்.

"ருஹாமாக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் ஆப்பிள் பை செய்யக் கத்துக்குடுக்கச் சொல்லுங்களேன் உங்க வீட்டுக்காரர!"

"என்னடி உளறுற?"

"எம் பையன் சிலேட்டுல இருந்துச்சே. 'திரு. பெட்டிங்கில் ஒரு மணி நேரத்தில் மூன்று ஆப்பிள் பை செய்கிறார். திருமதி பெட்டிங்கில் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது பை செய்ய எத்தனை மணி நேரம்?' மூணு மணி நேரமாம். சரியா போட்டுட்டான்!"

மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுடும் அந்தப் பைக்குத்தான் கண்காட்சியில் ருஹாமாவின் பெயரில் ஆறு வருஷம் தொடர்ந்து பரிசு.

அடுத்த மார்ச் கூட்டத்தில் ஆசகேல் மறுபடி எழுந்தார். பழைய வழக்கமே நல்லது, டீச்சர் எல்லா வீட்டையும் அறிந்திருப்பதுதான் பிள்ளைகளின் படிப்புக்கு உகந்தது என்று ஒப்பித்தார். பன்னிரண்டு வீட்டுக்காரரும் அவரவர் மனைவியிடம் பாடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். சீர்திருத்தத்தைக் கைவிடவே கூடாது என்று ஹல்தாவின் கணவர் மேசையைத் தட்டினார். ஒரு கைகூட ஆசகேலுக்காக எழவில்லை.

அன்று மாலை ருஹாமா சமையலறைக்கு வந்தபோது ஆசகேல் மாவுப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தார். மூலை மேசையில் விளக்கை ஏற்றிவைத்து, சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் எலெக்டா. ருஹாமா விறுவிறுவென்று போய்ப் பலகையைப் பிடுங்கி, தானே மாவு பிசைய ஆரம்பித்தாள்.

"நாளைக்கு என்ன கணக்கு, டீச்சரம்மா?"

"இன்னும் யோசிக்கலம்மா," என்றாள் எலெக்டா, ருஹாமாவின் மாவு அப்பிய கைகளையே பார்த்தபடி. "நீங்க பாட்டுக்கு செய்யுங்க."