பதினான்காம் கேள்வி

அச்சுக்குப் போகவிருந்த அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்தபோது அவளுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். இரண்டாம் முறை வரியின் கீழ் விரலை வைத்துப் படித்தாள். 'அரசைப் பற்றிப் பேசப் பயமில்லை என்கிறார்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

வளரும் நாடுகளில் மக்களாட்சி எவ்வளவு வேர் பிடித்திருக்கிறது, எங்கெல்லாம் சர்வாதிகாரம் சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பி வருகிறது என்று ஆராயும் நிறுவனம் அது. ஒன்பது நாடுகளுக்கும் ஒரே கேள்வித்தாள். இந்த நாட்டின் களப்பணிக்கு அவள் பொறுப்பு. பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நான்கு மாதம் படியேறி இறங்கி, அறுநூறு வீடுகளில் நிரப்பி வாங்கிய தாள்கள். அதில் பதினான்காம் கேள்வி இது: 'அரசைப் பற்றி வெளியில் பேச உங்களுக்குப் பயம் உண்டா?'

அந்தக் கேள்விக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வாயே திறக்கவில்லை. அந்த எண் அவளுக்கு மனப்பாடம்.

அட்டவணை போடுகிறவரிடம் போனாள். அவருக்கு அலுவலகத்தில் 'சதவீதம்' என்று பெயர். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால்கூட, எழுபது ஆச்சு என்பார். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் எங்கே போனார்கள் என்று கேட்டாள்.

"தொண்ணூத்தொன்பதுல பத்திரமா இருக்காங்க."

பதில் சொல்லாதவர்களுக்கு இடும் குறி அது. கணக்குப் பார்க்கும்போது தொண்ணூற்றொன்பதுகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வாய் திறந்த முந்நூற்று எண்பத்தெட்டுப் பேரை மட்டும் நூறாக எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது நாட்டுக்கும் அதுதான் வழக்கம் என்றார் அவர்.

"பயந்தவன் எப்படிங்க, பயமா இருக்குன்னு முன்பின் தெரியாதவங்ககிட்ட சொல்லுவான்?"

சதவீதம் திரையைப் பார்த்தார். "நான் கூட்டிக் கழிக்கிறவன்மா. மேல போய்க் கேளுங்க" என்றார்.

மேலே போகுமுன் அவள் தாள்கள் கட்டிவைத்திருந்த அறைக்குப் போனாள். கேள்வியைக் கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும், தூண்டக் கூடாது, அப்போதும் பதில் இல்லையென்றால் தொண்ணூற்றொன்பது என்று பயிற்சிக் கையேடு சொல்லியிருந்தது. கையேடு சொல்லாத ஒன்றை அவள் சேர்த்துச் சொல்லியிருந்தாள். அந்தப் பத்து எண்ணுவதற்குள் என்ன நடந்ததோ அதை ஓரத்தில் எழுதிவிடுங்கள் என்று. எழுதியிருந்தார்கள்.

'எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.' 'ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.' 'மகளை உள்ளே போகச் சொன்னார். பிறகு என்னை வெளியே போகச் சொன்னார்.' 'தாளில் என் பேர் இருக்கா என்றார். இல்லை என்றேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.' ஒரு தாளில் அவளுடைய கையெழுத்தே இருந்தது. அவள் கேட்டது ஒரு நர்ஸிடம். 'ஆறு எண்ணும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்துக்குப் பிறகும் விடவில்லை.'

அவளுக்கு அக்கா வீட்டுக்காரர் நினைவு வந்தது. அத்தான் பஸ் ஓட்டுகிறவர். பணிமனையில் எதையோ சொன்னாரென்று ஒரு காலையில் கூட்டிக்கொண்டு போனார்கள். நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்தவர், தண்ணீர் வேண்டுமா என்றால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறார். ஒரு காலத்தில் அவர் வாயை மூட அக்கா சண்டை போட வேண்டியிருந்தது. அவரிடம் இந்தக் கேள்வித்தாளை நீட்டினாலும் தொண்ணூற்றொன்பதுதான். அவரையும் ஓரமாக வைத்துவிட்டு நாட்டுக்கு நற்சான்று கொடுப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். இங்கே மறைக்கக்கூட இல்லை, கழித்தார்கள்.

மேலே, நிறுவனத்தை நடத்தும் பேராசிரியரின் மேசையில் சரிபார்ப்புத் தாள் தயாராக இருந்தது. களத்தில் பெற்ற பதில்களை அறிக்கை உள்ளபடி காட்டுகிறது என்று அவள் கையெழுத்திட வேண்டும். அவள் போடாமல் அச்சுக்குப் போகாது. போடாவிட்டால் மாதக் கடைசியோடு அவளுக்கு இங்கே வேலை இருக்காது. இரண்டையும் அவர் முந்தின நாளே இதமாகச் சொல்லியிருந்தார். மாணவியாக இருந்தபோது, பயம் இருக்கிற ஊரில் ஓட்டுப்பெட்டி வெறும் பெட்டி என்று அவர் கரும்பலகையைத் தட்டிச் சொன்னதைக் கேட்டுத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் சொல்லவில்லை என்று அதே பக்கத்தில் ஒரு வரி சேருங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். பின்னிணைப்பில் போடலாம் என்றார். அதை யார் படிப்பார்கள் என்றாள்.

"மௌனம் சம்மதம்னு நான் சொல்லலம்மா. மௌனம் தரவு இல்ல, அவ்வளவுதான்."

அடுத்த வாரம் வெளியீட்டுக்குத் துறைச் செயலாளர் வருகிறார் என்றார். நிறுவனத்தின் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது என்றார். நிறுவனம் இருந்தால்தானே ஆராய்ச்சி என்றார். மூன்றும் உண்மை. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

பையிலிருந்து நிரப்பாத கேள்வித்தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். பேனாவைத் திறந்தாள். களத்தில் கேட்கிற அதே குரலில், ஒரு சொல்கூட மாற்றாமல் கேட்டாள்.

"அரசைப் பற்றி வெளியில் பேச உங்களுக்குப் பயம் உண்டா?"

பேராசிரியர் புன்னகைக்கப் பார்த்தார். அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள். மூன்றில் அவர் கண் கதவுப் பக்கம் போனது. அது பாதி திறந்திருந்தது. ஐந்தில் எழுந்தார். நடந்து போய்க் கதவைச் சாத்தினார். ஒன்பதில் திரும்பி வந்து உட்கார்ந்து, நேராகவே இருந்த தன் பேனாவை நேராக்கி வைத்தார். பத்து ஆயிற்று. அவள் தூண்டவில்லை. இன்னும் ஒரு பத்து எண்ணினாள். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று அப்போதுதான் கவனித்தாள். அதற்காகக் கோபம் குறையவில்லை.

தொண்ணூற்றொன்பது என்று குறித்தாள். ஓரத்தில், 'கதவைச் சாத்தினார்' என்று எழுதினாள். கையெழுத்திடாத சரிபார்ப்புத் தாளின்மேல் அதை வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"அறுநூத்தி ஒண்ணு, சார். இதையும் கழிச்சிடுங்க."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பாள்.

"கதவச் சாத்திட்டுப் போம்மா" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது, மிகவும் தணிந்து.

அவள் திரும்பவில்லை.