செனட்டரின் மகள்கள்

கிடாவை வாங்கியவன் என் மகன் லாக்லன். செனட்டர் என்று அதற்குப் பெயர். கழுத்திலிருந்து வால்வரை தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். எந்த மடிப்பைப் பிரித்தாலும் உள்ளே வெண்ணெய் நிறத்தில் கம்பளி. அதன் எடை, அதன் பிள்ளைகளின் எடை, அவை தந்த கம்பளி எல்லாவற்றையும் விற்றவன் அச்சடித்துக் கொடுத்தான். அதில் பொய் இல்லை. எங்களிடம் பிறந்த மகள்களும் சீக்கிரம் வளர்ந்தன, முதல் கத்தரிப்பிலேயே தாய்களை மிஞ்சின. அப்பனின் கம்பளி பிள்ளைக்கு இறங்கும். மடிப்பும் கூடவே இறங்கும். மடிப்பைப் பற்றி அவன் ஒரு வரி போடவில்லை. பொய் சொல்லாமல் ஏமாற்றுகிறவன் அப்படித்தான் செய்வான்.

மடிப்பில் ஈரம் தங்கும். ஈரத்தில் பச்சை ஈ முட்டையிடும். புழு ஆட்டை உயிரோடு தின்னும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் குட்டியிலேயே வாலைச் சுற்றியுள்ள தோலை அறுத்து எடுப்போம். ஆறினால் அந்த இடம் வழுவழுவென்று ஆகிவிடும், ஈ உட்காராது. கொடூரமான வேலைதான். அறுக்காத ஆட்டின் கம்பளிக்குக் கூடுதல் விலை என்று வாங்குகிறவர்கள் சொன்னார்கள். லாக்லன் கத்தியைக் கீழே வைத்தான். நானும் சரி என்றேன். தொடர்ந்து வறட்சி, ஈயே கிடையாது. வறட்சியில் எல்லோரும் புத்திசாலிகள்.

இந்தக் கோடையில் மழை விடவே இல்லை.

அந்த மகள்களை நம்பித்தான் பேங்க் எங்கள் நிலத்தில் கை வைக்காமல் இருந்தது. அவை போனால் நிலமும் போகும், லாக்லன் மேற்கே சுரங்க வேலைக்குப் போகவேண்டியதுதான். பட்டியில் நான் புழு வைத்த இடங்களைக் கத்தரித்துக் கத்தரித்து மருந்து ஊற்றினேன். நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. எழுந்திருக்க முடியாதவற்றை அவன் சுட்டுக் குழியில் தள்ளினான். மடிப்பில்லாத கிழட்டு ஆடுகள் வேலியோரம் நின்று சாவகாசமாக அசைபோட்டன.

"இதயாவது விடுடா, பொழைக்கும்."

"உள்ள பாருங்கப்பா. எலும்பு தெரியுது."

பார்த்தேன். நகர்ந்துகொண்டேன்.

பக்கத்துப் பண்ணை மெர்வ் ஹாலினன் வண்டியை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். குழியைப் பார்த்தான். நேரே கொட்டகைக்குப் போனான். செனட்டர் அங்கே காய்ந்த வைக்கோலில், மருந்துக் குளியல் முடித்து, மாப்பிள்ளை மாதிரி நின்றது. மெர்வ் அதன் தோளில் கம்பளியைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"ஓஸி, இத எனக்குக் குடு. பேங்க்காரன் இந்த வருஷம் உன் வாசப்படி மிதிக்காத அளவுக்குத் தரேன்."

"குழியில கெடக்கிறதெல்லாம் இதோட பொண்ணுங்கதான், மெர்வ்."

"பாத்தேன்யா, கண்ணு தெரியுது. என் எடம் மேடு. தண்ணி நிக்காது."

"எங்களுக்கும் ஈ வராதுன்னுதான் போன வருஷம் சொன்னோம்," என்றான் லாக்லன். "நீங்களும் தோல் அறுக்கறத விட்டாச்சு இல்ல?"

"விட்டேன். அதுக்கென்ன? தம்பி, நீ பெரியவங்களப் பேசவிடு."

நான் மெர்விடம் சரியென்று தலையாட்டினேன். அவன் கண், அவன் பட்டி, அவன் பாடு. விற்றால் என் பையன் இங்கேயே இருப்பான்.

லாக்லன் என்னைப் பார்த்தான், கிடாவைப் பார்த்தான். துப்பாக்கியை எடுத்து அதன் காதுக்குப் பின்னால் வைத்துச் சுட்டான்.

மெர்வ் கத்தினான். "பைத்தியமாடா நீ! ஓஸி, உன் பையனுக்குப் பைத்தியம்யா!"

லாக்லன் வீட்டுக்குள் போனான். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அந்தக் குணம் என்னிடமிருந்து அவனுக்கு இறங்கவில்லை. அவன் அம்மாவிடமிருந்தும் இருக்காது, அவள் என்னைவிட மோசம்.

மெர்வ் திட்டிக்கொண்டே ஒரு பின்காலைப் பிடித்தான், நான் மற்றதைப் பிடித்தேன். குழிப் பக்கம் இழுத்தோம். நல்ல வளர்த்தி. இரண்டு கிழவர்களால் அசைக்கக்கூட முடியவில்லை.