நேராகப் போனால் நாகர்கோவில்

திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் பர்வேஸ் ஒற்றைப் பையோடு வெளியே வந்தபோது மணி ஒன்றே முக்கால். ஜாஸ்பர் பையை வாங்கிப் பின்சீட்டில் வைத்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருடமாகக் குளச்சலுக்கும் ஏர்போர்ட்டுக்கும் வண்டி ஓட்டுகிறவர். இப்படி வருகிறவனின் முகத்தைப் பார்த்தால் வாய் உளறிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

வளைகுடாவில் இருக்கிறவனிடம் சாவைச் சொல்லி வரவழைக்கிற வழக்கம் ஊரில் கிடையாது. "சீரியஸ், உடனே வா" என்பார்கள். மிச்சத்தை வண்டிக்காரன் தலையில் கட்டிவிடுவார்கள். விடிந்ததும் பர்வேஸின் அக்கா ரைஹானத் கூப்பிட்டிருந்தாள்.

"அண்ணே, உம்மா மௌத்தாயிட்டா. தம்பிகிட்ட நாகர்கோவில் ஆஸ்பத்திரின்னுதான் சொல்லியிருக்கு. வழியில ஒண்ணும் சொல்லிராதீங்க, தாங்க மாட்டான். அஸர் தொழுகை முடிஞ்சு நாலரைக்கு எடுத்துருவாங்க. அதுக்கு மேல வைக்க ஜமாஅத்துல ஒத்துக்கல. முகத்த மூடாம வெச்சிருக்கோம்."

சரி மக்களே என்று சொல்லிவிட்டார். வேறென்ன சொல்ல? இந்த வருடத்தில் இது நாலாவது. அலுத்துப் போயிருந்தது அவருக்கு.

வண்டி பாறசாலை தாண்டியது. பர்வேஸ் சார்ஜ் தீர்ந்த போனை வெறுமனே கையில் வைத்திருந்தான்.

"ஷார்ஜாவுல இருந்து ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். நாலு மணிக்கூர்ல வந்துட்டேன். இந்த அறுவது கிலோமீட்டர் நகர மாட்டேங்குதே அண்ணே."

"ரோடு அப்படி மக்கா."

"போகும்போது உம்மா அழுதா. சென்னைக்குப் போனா பஸ்ஸுல பதினாலு மணிக்கூர், ஷார்ஜான்னா நான் ஏழு மணிக்கூர்ல வீட்டுக்கு வந்துருவேன்லான்னு சொன்னேன். நாலு வருசமாச்சு."

மார்த்தாண்டத்தில் பழக்கடையைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னான். ஆஸ்பத்திரிக் கஞ்சி உம்மாவுக்கு இறங்காது, மட்டிப்பழம் என்றால் தின்பாளாம். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஒண்ணு முப்பத்தஞ்சுதான் ஆகுது. நாலு மணிக்குத்தானே உள்ள விடுவாங்க."

ஜாஸ்பரின் செல்போனில் மூன்று ஐந்து. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால் தீர்ந்தது. நிறுத்தினார். அவன் ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்துப் பழுத்த சீப்பாகப் பொறுக்கினான். பத்து நிமிடம் போனது. அப்புறம் நெரிசலில் கால் மணி நேரம். சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி, என்று ஜாஸ்பர் தன்னையே திட்டிக்கொண்டார்.

அழகியமண்டபத்தில் நேராகப் போனால் நாகர்கோவில். வலதுபக்கம் திரும்பினால் குளச்சல். இண்டிகேட்டரைப் போட்டார். அது டிக் டிக்கென்று அடித்தது.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்கு நேர போணும்லா."

ஜாஸ்பர் வண்டியைத் திருப்பினார்.

குளச்சல் ரோட்டில் கொஞ்ச தூரம் போனது வண்டி. பிறகு பர்வேஸ் கேட்டான்.

"எப்பம்?"

"காலையில. சுபுஹு பாங்கு சொல்லும்போது."

"அடக்கம்?"

"நாலரைக்கு."

அவன் அவசரமாகக் கடிகாரத்தைப் பார்த்தான். "ரெண்டே கால்தானே ஆகுது. நேரம் உண்டு அண்ணே, மெதுவாப் போங்க."

ஜாஸ்பர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். "அது ஷார்ஜா மணி மக்கா. இங்க மூணே முக்கால்."

பர்வேஸ் கடிகாரத்தின் திருகை வெளியே இழுத்தான். பெரிய முள் ஒன்றரைச் சுற்று வரவேண்டும். மடியிலிருந்த பழப்பை சரிந்து காலடியில் விழுந்தது. அவன் குனியவில்லை. விரல் வழுக்க வழுக்க, முள்ளைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.