மூன்றாவது கம்பளம்

வேனின் மூக்கில் மூன்றாவது கம்பளத்தைப் போர்த்திக்கொண்டிருந்தார் லுவ்சான் சித்தப்பா. ஏற்கெனவே இரண்டு இருந்தன. ஒன்று, அவருடைய அண்ணன் தம்தின், குளிர் தொடங்கியதும் தைத்துப் போட்டது. இன்னொன்று அவரே படுக்கையில் விழுவதற்குச் சில நாள் முன்பு கயிற்றால் இழுத்துக் கட்டியது. நேற்று விடிகாலையில் தம்தின் தெய்வமாகிவிட்டார். அடுப்பு மூட்டாத சின்னக் கூடாரத்தில், வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார்.

"ஒட்டக முடி. இதைத் தாண்டி எந்தக் குளிர் உள்ள போயிடும், பாக்குறேன்," என்று சித்தப்பா முடிச்சுப் போட்டார்.

தம்தினுடைய மகள் உயங்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. முள் நாற்பதைத் தொட்டது, பிறகு மனசு மாறியது போலக் கீழே இறங்கியது. ஹீட்டரிலிருந்து வந்த காற்று வெளிக்காற்றைவிடக் கொஞ்சம்தான் மேல். அவள் விட்ட மூச்சு கண்ணாடியின் உள்பக்கத்தில் வெள்ளையாகப் படிந்துகொண்டே வந்தது.

காலையில் லாமா வந்து, பொற்பெட்டி என்கிற சாவுச் சோதிட ஏட்டைத் திறந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாளை சூரியன் கிழக்கு முகட்டில் ஏறும்போது புறப்பட வேண்டும். கணவாய்க்கு அந்தப் பக்கம், வடமேற்குச் சரிவில் அடக்கம். வழியில் வண்டி நிற்கக் கூடாது, எஞ்சின் அணையக் கூடாது. நின்றால் போகிறவர் மனசு அந்த இடத்திலேயே தங்கி, வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடும். வண்டியை ஓட்டுகிறவர், பன்னிரண்டு மிருக வருஷங்களில் பாம்பு வருஷத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தில் பாம்பு வருஷக்காரி உயங்கா ஒருத்திதான். அடக்கத்துக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லையே என்று சித்தப்பா இழுத்தார். "பாம்புன்னா பாம்புதான். ஆம்பளைப் பாம்பு, பொம்பளைப் பாம்புன்னு ஏட்டுல பிரிச்சுப் போடல," என்று சொல்லிவிட்டு, லாமா உப்புத் தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்து எழுந்துபோனார்.

வேறு வண்டிக்கும் வழியில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் நல்ல வண்டி வைத்திருந்தவனின் மனைவி நிறைமாதம். அவனிடம் போய் இந்தக் காரியத்துக்கு வண்டி கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ஆகவே இந்தப் பழைய ரஷ்ய வேன்தான். இந்தக் குளிரில், நாற்பதிலேயே நொண்டிக்கொண்டிருக்கும் எஞ்சினோடு கணவாய் ஏறினால் பாதியில் மூச்சை விட்டுவிடும் என்பது உயங்காவுக்குத் தெரியும். தெற்கே எல்லைக்கு நிலக்கரி லாரி ஓட்டுகிறவள் அவள். அப்பாவை நட்டநடுக் கணவாயில் விட்டுவிட்டு வரப்போவதில்லை என்று மனசுக்குள் அடித்துச் சொல்லிக்கொண்டாள்.

"மீட்டர் போச்சுக்கா," என்றான் தம்பி தெல்கெர். அவன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். "எஞ்சின் சூடாத்தான் இருக்கும். முள்ளுதான் பொய் சொல்லுது. அப்பாவே சொன்னார்."

"பாத்துருவோம்."

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இருந்த எஞ்சின் மூடியைத் தூக்கினாள். மீட்டருக்குப் போகிற ஒயரைக் கழற்றி இரும்பில் வைத்துத் தொட்டாள். முள் விருட்டென்று கடைசிவரை ஓடியது. எடுத்தாள், இறங்கியது.

"மீட்டர் உயிரோட இருக்கு. உள்ளபடிதான் சொல்லுது."

"அப்ப எஞ்சினுக்கு வயசாயிடுச்சு," என்றார் சித்தப்பா ஜன்னல் வழியாக. "எனக்கும்தான் எத்தனை காலுறை போட்டாலும் பாதம் சூடாக மாட்டேங்குது. என்னைக் கழட்டிப் பாக்குறியா?"

"உங்களுக்கு ஸ்பேர் கிடைக்காது சித்தப்பா. உள்ள போய் டீ குடிங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். சாவு வீட்டில் சிரிக்கலாம், அழத்தான் கூடாது.

உயங்கா எஞ்சினை அணைத்து ஆறவிட்டாள். அந்தக் குளிரில் அது ஆற அதிக நேரம் பிடிக்கவில்லை. மறுபடி கிளப்பி, கையுறையைக் கழற்றிவிட்டு, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை வெறுங்கையால் பற்றிக்கொண்டாள். இது அவளுக்குப் பழகின வேலை. எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை உள்ளே ஒரு வால்வு மூடியிருக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். அதுவரை இந்த ஹோஸ் கல் மாதிரிக் குளிர்ந்து கிடக்க வேண்டும். பிறகுதான் வால்வு திறந்து, சடாரென்று சூடு வர வேண்டும்.

ஹோஸ் அவள் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானது. எஞ்சினில் எவ்வளவு சூடோ அவ்வளவு. முதல் நொடியிலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய், உண்டான சூட்டையெல்லாம் அங்கே இறைத்துவிட்டு வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டு அடுப்பில் சாணம் போட்டுக்கொண்டிருந்த கதைதான். கம்பளத்தை மூன்று போட்டாலும் முப்பது போட்டாலும் அது அடைக்கிற கதவு இல்லை.

"தெர்மோஸ்டேட்," என்றாள். "ஒண்ணு, தொறந்தபடியே மாட்டிக்கிச்சு. இல்லன்னா உள்ள அதுவே இல்ல."

தெல்கெர் பூட்ஸ் நுனியால் பனியைக் கிளறினான்.

கோடையில் மணல் வழியாகப் பாரம் ஏற்றிப் போகும்போது எஞ்சின் கொதித்தால், இந்தப் பக்கத்து ஆட்கள் முதல் காரியமாக அதைப் பிடுங்கிவிடுவார்கள். முதல் பனிக்கு முன்னால் திரும்பப் போட வேண்டும். அதில்தான் ஆளுக்கு ஆள் கோட்டை விடுவார்கள்.

தண்ணீரைக் கொஞ்சம் பேசினில் இறக்கிவிட்டு, மூடியின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினாள். விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். காலியாக இருந்தது.

"சரி. மாவு டப்பா மூடி ஒண்ணு கொண்டா. வட்டமா வெட்டி நடுவுல ஓட்டை போட்டு வைப்போம். தண்ணி ஓட்டம் குறையும். கணவாய் தாண்டுற வரைக்கும் தாங்கும்."

தெல்கெர் போனான். சாமான் கூடாரத்துக்குள் வெகுநேரம் உருட்டிவிட்டு வந்தான். கையில் மூடி இல்லை, ஒரு கந்தல் பொட்டலம் இருந்தது. அதை எஞ்சின் ஓரத்தில் வைத்தான். உயங்கா பிரித்தாள். பித்தளை நிறத்தில் தெர்மோஸ்டேட்டும், அதன் கேஸ்கட்டும்.

"கோடையில புல்லு ஏத்தப் போனப்போ கொதிச்சுது," என்றான். பிறகு, "அப்பா கேட்டார்க்கா. பனி விழறதுக்கு முன்னாடியே கேட்டார். போட்டுட்டேன்னு சொன்னேன்."

உயங்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போன மாதம் அப்பா போனில் பேசினது காதில் கேட்டது. 'வண்டி கொஞ்சம் குளிருது. மீட்டர் கோளாறா இருக்கும். தெல்கெர் எல்லாம் பாத்துட்டான், நீ கவலைப்படாதே.' இரண்டே போல்ட். அவரே கழற்றிப் பார்த்திருக்கலாம். மகன் போட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகு கழற்றிப் பார்க்க அவருக்கு மனசு வந்திருக்காது. மேலே மேலே கம்பளம் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார். கடைசியாகத் தீவனம் வாங்கி வரும்போது பனிப்புயல். கண்ணாடி உள்பக்கம் உறைந்து வழி தெரியாமல், ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டியபடி ஓட்டிக்கொண்டு வந்தாராம். மீசையிலும் புருவத்திலும் பனிக்கட்டி தொங்கியதாம். அன்றைக்கு ஆரம்பித்த இருமல்தான்.

தம்பியை ஸ்பேனராலேயே ஒன்று போட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. வாய்விட்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. அழுதால் அந்தக் கண்ணீர் போகிறவர் வழியில் ஆறாகக் குறுக்கே ஓடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இது வேலை செய்யுதான்னு முதல்ல பாக்கணும்," என்றாள். "வா."

பெரிய கூடாரத்தில் சித்தி வந்தவர்களுக்குத் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். உயங்காவின் கையைப் பார்த்ததுமே அகப்பையை ஓங்கினாள்.

"ஏய், டீச் சட்டில இரும்பைப் போட்ட, கையை ஒடிச்சுருவேன்!"

"வேற டப்பா குடுங்க சித்தி."

பழைய தகர டப்பாவில் பனியை அள்ளி அடுப்பில் வைத்தாள். தண்ணீர் சூடேறிக் கொதி வருகிற சமயத்தில், அடியில் கிடந்த வால்வு மெதுவாக வாயைத் திறந்தது. இடுக்கியால் எடுத்து வெளியே பிடித்தாள். மூடிக்கொண்டது. இன்னொரு தரம் போட்டாள், திறந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை. கோடையிலும் இருந்திருக்காது. தெல்கெர் டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் ஆவி அடித்தும் நகரவில்லை.

பொழுது சாய்வதற்குள் மாட்டி முடித்தார்கள். அவளுக்கு வேண்டிய ஸ்பேனரை அவள் கேட்பதற்கு முன்பே அவன் நீட்டினான். கடைசி போல்ட்டை அவள் இறுக்கும்போது சித்தப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா கோளாறு?"

தெல்கெர் தலையைக் குனிந்துகொண்டான்.

"அடைப்பு சித்தப்பா," என்றாள் உயங்கா. "எடுத்தாச்சு."

மறுநாள் சூரியன் முகட்டைத் தொட்டபோது புறப்பட்டார்கள். பின்னால் அப்பாவோடு சித்தப்பாவும், தூக்குவதற்கு லாமா சொன்ன வேறு வருஷங்களில் பிறந்தவர்கள் இரண்டு பேரும். முன்னால் உயங்காவும் தெல்கெரும், நடுவில் எஞ்சின். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது கியரில் ஏற்றம் தொடங்கியது. முள் நாற்பதில் இருந்தது. அவள் சாலையையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தாள். பாதிச் சரிவில் காற்று குவித்துவிட்டுப் போன பனி, சாலையை மூடிக் கிடந்தது. சக்கரம் வழுக்கியது. எஞ்சின் ஒருமுறை இருமியது. உயங்கா ஆக்சிலேட்டரை விடாமல், அவசரப்படாமல், சக்கரம் தரையைப் பிடிக்கும்வரை அப்படியே அழுத்தி வைத்திருந்தாள். வண்டி முக்கி முனகி பனியைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஏறியது.

அப்புறம் பார்த்தபோது முள் அறுபதைத் தாண்டியிருந்தது. எழுபது. எண்பதுக்கு வந்து நின்றது. நின்றது நின்றபடி இருந்தது.

ஹீட்டர் காற்றின் வாசனையே மாறிவிட்டது. கண்ணாடியில் முதலில் உள்ளங்கை அளவு தெளிந்தது, பிறகு முறத்தளவு. கணவாய் உச்சியின் கற்குவியலும் அதில் கட்டியிருந்த நீலத் துணிகளும் தெரிந்தன. அப்பா அந்த இடத்தில் எப்போதும் செய்வது போல அவள் மூன்று முறை ஹார்ன் அடித்தாள்.

"பாத்தியா, பாத்தியா!" என்று பின்னாலிருந்து சித்தப்பா தட்டினார். "கொதகொதன்னு வருது! நான்தான் சொன்னேன்ல, மூணாவது கம்பளம் போட்டா சரியாயிடும்னு. அண்ணன் கேட்டாத்தானே!"

"ஆமா சித்தப்பா," என்றாள் உயங்கா.

தெல்கெர் தன் பக்கத்து ஹீட்டர் வாயின் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டியிருந்தான். அந்தச் சூடு விரல்களில் ஏறியதும், சுட்டுவிட்டது போலக் கைகளை இழுத்துச் சட்டைக் கைக்குள் நுழைத்துக்கொண்டான். பிறகு குனிந்து, அந்த வாயின் தகரக் கதவை மூடினான்.

உயங்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இறக்கம் தொடங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும், எஞ்சின் மூடிக்கு மேலாக வலது கையை நீட்டி, அந்தக் கதவை அவன் பக்கமாகத் திறந்துவிட்டாள்.